பார்வைக்குக் கட்டணம் வந்த கதை: நியூ ஜெர்சியின் மாதிரி ரயில்கள்

நியூ ஜெர்சியின் ஐசலினிலிருந்து ஒரு மணி நேரக் கார் பயணத்துக்குள் மாதிரி ரயில் பார்க்க நல்ல இடங்கள் இரண்டு உண்டு. மேற்கே ஃபிளெமிங்டனில் டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழையும் நார்த்லேண்ட்ஸ் காட்சிக்கூடம் இருக்கிறது. வடக்கே யூனியனில் ஆர்வலர்கள் தாங்களே கூடி நடத்தும் மன்றம் இருக்கிறது. டிசம்பர் நெருங்கினால் ஹட்சன் ஆற்றுக்கு அப்பால் நியூ யார்க்கிலும் விடுமுறைக்கால ரயில் காட்சிகள் தொடங்கிவிடும். இரண்டு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு குடும்பம் கிளம்பினால் டிக்கெட், பெட்ரோல், வழியில் சாப்பாடு என்று செலவு சேரும். மேசைமேல் ஓடும் பொம்மை ரயிலைப் பார்க்க இவ்வளவு கொடுக்கலாமா என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது. அமெரிக்காவில் மின்சாரப் பொம்மை ரயில் ஓடத் தொடங்கிய முதல் அரை நூற்றாண்டில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் இடமே இருக்கவில்லை. பார்ப்பவர் காசு கொடுக்கவில்லை. அவருக்காக வேறு யாராவது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்படிக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக விலகிக்கொண்ட பிறகே செலவு பார்வையாளரின் தலையில் வந்து விழுந்தது. அந்த மாற்றத்தின் பெரும்பகுதி ஐசலினுக்கு அக்கம்பக்கத்திலேயே நடந்தது.

வூட்பிரிட்ஜ் டவுன்ஷிப்பைச் சேர்ந்த ஐசலின், நியூ யார்க்கையும் ஃபிலடெல்ஃபியாவையும் இணைத்த பழைய பென்சில்வேனியா ரயில்ரோடின் முதன்மைப் பாதையில் இருக்கும் ஊர். அந்தப் பாதையில் 1933-இல் மின்சார ரயில்கள் ஓடத் தொடங்கின. அடுத்த ஆண்டு முதல் ஜிஜி1 என்ற மின்சார எஞ்சின்கள் வந்தன. அமெரிக்காவில் ஓடியவற்றுள் மிக அழகானது எது என்று கேட்டால் ரயில் ஆர்வலர்களில் பலர் இன்றும் இதன் பெயரைத்தான் சொல்வார்கள். 1971 நவம்பரில், காரை நிறுத்திவிட்டு ரயில் ஏறுவோருக்கென்றே மெட்ரோபார்க் நிலையம் திறக்கப்பட்டது. பின்னாளில் ஓக் ட்ரீ சாலை இந்தியக் கடைவீதியாக மாறியதற்கும், நியூ யார்க்கில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் இந்த வட்டாரத்தைத் தேடி வந்ததற்கும் அந்த நிலையம் பெரிய காரணம். அந்தக் குடும்பங்கள் வந்து சேருவதற்கு வெகுமுன்பே, ஐசலினுக்கு வடக்கே சுமார் 15 கி.மீ. தொலைவில், உலகின் மிகப் பெரிய பொம்மை நிறுவனமாக ஒரு காலத்தில் விளங்கிய லயனலின் ரயில் தொழிற்சாலை இயங்கிக்கொண்டிருந்தது.

விளையாட்டு ரயிலை ஒரு முழு அமைப்பாக விற்கும் யோசனை ஜெர்மனியில் பிறந்தது. 1891-இல் லைப்சிக் சந்தையில் மார்க்லின் நிறுவனம் எட்டு வடிவத் தண்டவாளத்தோடு ரயிலைக் காட்சிக்கு வைத்தது. ஒருமுறை வாங்கிய தண்டவாளத்தோடு அடுத்த ஆண்டு பெட்டி, அதற்கடுத்த ஆண்டு நிலையம் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். பொம்மை விற்பனையில் இது பெரிய திருப்பம். அமெரிக்காவில் சின்சினாட்டியின் கார்லைல் அண்ட் ஃபின்ச் நிறுவனம் 1890களின் பிற்பகுதியில் மின்சாரத்தில் ஓடும் பொம்மை வண்டிகளை விற்றது.

ஜோஷுவா லயனல் கோவன் 1900-இல் நியூ யார்க்கில் தொடங்கிய லயனல் நிறுவனம் பொம்மை செய்யப் பிறந்ததன்று. ஒரு சிறு விசிறிக்காகச் செய்த மோட்டார் அவரிடம் இருந்தது. அதை ஒரு மரப்பெட்டி வண்டிக்கு அடியில் பொருத்தி, வட்டத் தண்டவாளத்தில் பாட்டரியால் ஓடவிட்டார். கடையின் கண்ணாடிச் சன்னலில் சரக்கை ஏற்றிக்கொண்டு சுற்றிவரும் விளம்பரக் கருவி என்பதே அவர் எண்ணம். மன்ஹாட்டனின் கோர்ட்லண்ட் தெருவில் ஒரு கடைக்காரர் அதை வாங்கி வைத்தார். வண்டியில் இருந்த சரக்கை விட்டுவிட்டு வண்டியையே வாடிக்கையாளர்கள் விலை கேட்டார்கள் என்றும், கடைக்காரர் உடனே மேலும் சில வண்டிகளுக்குச் சொல்லியனுப்பினார் என்றும் நிறுவனத்தின் வரலாறு கூறுகிறது. லயனலின் முதல் ரயில் காட்சி இப்படிக் கடைச் சன்னலில்தான் நடந்தது. நடைபாதையில் நின்று பார்த்தவருக்குச் செலவில்லை. கடைக்காரர் கொடுத்தார், அதை விற்பனையில் திரும்ப எடுத்தார்.

லயனல் பின்னர் தன் உற்பத்தியை நியூ ஜெர்சியின் இர்விங்டனுக்கும், 1929-இல் பக்கத்து ஊரான ஹில்சைடுக்கும் மாற்றியது. தொழிற்சாலையை நடத்திய மாரியோ கருசோ இத்தாலியிலிருந்து வந்தவர். வேலைக்கும் இத்தாலியக் குடியேறிகளையே அதிகம் சேர்த்தார். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் நிறுவனம் திவாலின் விளிம்புக்குப் போய், 1934-இல் நீதிமன்றக் கண்காணிப்பில் இருந்தபோது, மிக்கி மவுஸும் மின்னி மவுஸும் மாறிமாறி அழுத்தி ஓட்டும் ஒரு தள்ளுவண்டி அதற்குக் கைகொடுத்தது. விலை ஒரு டாலர். இரண்டரை லட்சத்துக்கு மேல் விற்றது. இரண்டாம் உலகப் போரில், 1942-இன் நடுவில், பொம்மை ரயில் உற்பத்தி நின்றது. அந்த இயந்திரங்கள் கடற்படைக்குத் திசைகாட்டிகள் செய்தன. போர் முடிந்த பிறகு வந்த பத்தாண்டுகளே லயனலின் பொற்காலம். 1953-இல் விற்பனை சுமார் 3.3 கோடி டாலரைத் தொட்டது.

அந்தப் பொற்காலத்தின் ஒரு பொருளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தொழிலின் தரம் புரியும். 1947-இல் லயனல் ஜிஜி1 எஞ்சினின் மாதிரியை வெளியிட்டது; பட்டியல் எண் 2332. உண்மை எஞ்சின் 24 மீட்டர் நீளமும் 200 டன்னுக்கு மேல் எடையும் கொண்டது. அதன் உடற்கூட்டை வழவழப்பாக்கி, மூக்கிலிருந்து பக்கவாட்டில் நீளும் ஐந்து பொன்னிறக் கோடுகளைக் கொடுத்தவர் வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவி. லயனலின் மாதிரி நீளத்தில் குறுக்கப்பட்டது. வீட்டுக் கூடத்தின் வளைவுகளில் திரும்பவேண்டுமே. ஆனாலும் வார்ப்பு உலோக உடலின் அடர்பச்சை, அந்த ஐந்து கோடுகள், கூரைமேல் மின்கம்பியைத் தொட எழுந்து நிற்கும் இரண்டு மின்வாங்கிகள் எல்லாம் இருந்தன. கையில் எடுத்தால் கனம் தெரியும். ஐசலின் வழியே உண்மையான ஜிஜி1 பாய்ந்துகொண்டிருந்த அதே நாட்களில் அதன் சிறுவடிவம் ஹில்சைடிலிருந்து பெட்டி பெட்டியாக வெளியேறிக்கொண்டிருந்தது. நிலையத்தில் கண்டதை வீட்டில் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு அந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

இந்தக் காலத்தில் மாதிரி ரயில் பார்க்க வேண்டும் என்றால் பேரங்காடிக்குப் போனால் போதும். நவம்பர் பிறந்ததும் பொம்மைப் பிரிவில் மலை, சுரங்கம், பாலம், விளக்குக்கம்பம் எல்லாவற்றோடும் மேசை நிறைய ரயில் ஓடும். மன்ஹாட்டனின் 26-ஆம் தெருவில் லயனலின் சொந்தக் காட்சியறையும் இருந்தது. 1949-இல் அங்கே அமைத்த பெரிய அமைப்பு இன்றும் சேகரிப்பாளர்களிடையே பேசப்படுகிறது. கிறிஸ்துமஸ் மரத்தடியில் ரயில் சுற்றிவருவது அமெரிக்க வீடுகளின் வழக்கமாகவே ஆனது. நவராத்திரியில் கொலுப்படிக்குக் கீழே மணல் பரப்பி, கேழ்வரகு முளைக்கவிட்டுப் பூங்காவும் குளமும் அமைத்து நடுவில் ஒரு பொம்மை ரயிலை ஓடவிடும் தமிழ் வீடுகளுக்கு இந்த வழக்கத்தை விளக்கத் தேவையில்லை. இரண்டிலும் செலவு வீட்டுக்காரருடையது. வந்தவர் பார்த்து மகிழ்ந்து போகலாம்.

கடைக்கும் பொம்மை நிறுவனத்துக்கும் அடுத்தபடியாகப் பணம் போட்டவர்கள் உண்மை ரயிலை ஓட்டிய நிறுவனங்கள். 1939-இல் தொடங்கிய நியூ யார்க் உலகக் கண்காட்சியில் கிழக்கு அமெரிக்க ரயில் நிறுவனங்கள் ஒரு பிரமாண்டமான மாதிரி அமைப்பை ஓட்டிக் காட்டின. 1941-இல் சிகாகோவின் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில், சான்டா ஃபே ரயில்ரோடின் ஆதரவில், மின்டன் கிரோங்கைட் என்ற புகழ்பெற்ற மாதிரிக் கலைஞர் அமைத்த ரயில் உலகம் திறக்கப்பட்டது. அருங்காட்சியகத்துக்குள் மாதிரி ரயில் நிரந்தர இடம் பிடித்ததற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அது ஓடியது. 2002-இல் அதன் இடத்தில் சிகாகோவிலிருந்து சியாட்டில் வரையிலான பாதையைக் காட்டும் புதிய அமைப்பு வந்தது. சான்டா ஃபே பணம் கொடுத்ததில் வியப்பில்லை: அன்று அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்ற சிறுவன் நாளைய பயணி.

பிறகு அந்தப் பயணி காருக்கும் விமானத்துக்கும் போய்விட்டான். 1956-இன் நெடுஞ்சாலைச் சட்டம் நாடெங்கும் விரைவுச்சாலைகளை விரித்தது. பென்சில்வேனியா ரயில்ரோடு 1968-இல் தன் போட்டி நிறுவனத்தோடு இணைந்து, 1970-இல் திவாலானது. பொம்மை ரயிலும் கூடவே சரிந்தது. சிறுவர்களின் மனம் பந்தயக் கார்களிலும் ராக்கெட்டுகளிலும் தொலைக்காட்சியிலும் இருந்தது. பெண்பிள்ளைகளை ஈர்க்க 1957-இல் லயனல் வெளியிட்ட இளஞ்சிவப்பு ரயில் விலைபோகவில்லை. 1959-இல் கோவன் தன் பங்குகளை விற்று விலகினார். 1967-இல் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. 1969-இல் ரயில் உற்பத்தி உரிமை ஜெனரல் மில்ஸ் நிறுவனத்துக்குப் போய், தயாரிப்பு மிச்சிகனுக்கு இடம்பெயர்ந்தது. ஹில்சைடின் காலம் முடிந்தது. விற்பனை குறைந்ததும் பேரங்காடி மேசைகள் மடிந்தன. இலவசக் காட்சிக்குப் பணம் போட்ட மூவரும், அதாவது கடையும் பொம்மை நிறுவனமும் ரயில் நிறுவனமும், ஏறக்குறைய ஒரே சமயத்தில் கைவிட்டார்கள்.

அந்த வெற்றிடத்தில் நின்று காட்சியைக் காப்பாற்றியவர்கள் ஆர்வலர்கள். அவர்களுக்கென்று ஒரு மரபு ஏற்கெனவே இருந்தது. மில்வாக்கியில் ஏ. சி. கால்ம்பாக் தொடங்கிய மாடல் ரயில்ரோடர் இதழ் 1934 ஜனவரியில் வந்தது. தேசிய மாதிரி ரயில் சங்கம் 1935-இல் உருவானது. இவர்களுக்கு வட்டத்தில் சுற்றும் பொம்மை போதாது. உண்மைப் பாதையின் அளவும் கால அட்டவணையும் சைகை விதிகளும் வேண்டும். அதற்கு ஏற்ற அளவாக ஹெச்ஓ நிலைபெற்றது. இது உண்மையில் 87-இல் ஒரு பங்கு. சுமார் 21 மீட்டர் நீளமுள்ள பெரம்பூர் ஐசிஎஃப் பெட்டி இந்த அளவில் 24 செ.மீ. சொச்சம்தான் வரும். எம்ஐடியில் 1946-இல் தொடங்கிய மாணவர் மாதிரி ரயில் மன்றத்தில், பழைய தொலைபேசிச் சாதனங்களைக் கோத்துத் தண்டவாளச் சைகைகளை இயக்கிய இளைஞர்கள் சிலரே 1950களின் இறுதியில் பல்கலைக்கழகக் கணினிகளின் பக்கம் திரும்பினார்கள். 1962-இல் உருவான ஸ்பேஸ்வார் என்ற முன்னோடிக் கணினி விளையாட்டின் பின்னணியிலும் அந்த மன்றத்துக்காரர்கள் இருந்தார்கள். மென்பொருள் வேலைக்காக ஐசலினுக்கு வந்த குடும்பங்கள் தங்கள் தொழிலின் ஒரு வேர் மாதிரி ரயில் மேசைக்கு அடியில் இருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

யூனியனில் இருக்கும் மன்றம் இதே மரபில் 1949-இல் சம்மிட், நியூ புராவிடன்ஸ் ஊர்க்காரர்களால் தொடங்கப்பட்டு, 1970களில் தற்போதைய கட்டடத்துக்கு வந்தது. உறுப்பினர்கள் சந்தா கட்டி, தச்சுவேலையும் மின்வேலையும் தாங்களே பார்க்கிறார்கள். நவம்பர் இறுதியை ஒட்டி ஒளி, ஒலியோடு ஒரு பொதுக்காட்சி நடத்தி, அதில் வரும் பணத்தை மன்றத்துக்கே செலவிடுவது வழக்கம். அங்கே போவோருக்கு ஒரு தனி லாபம் உண்டு. அமைப்பைக் கட்டியவரே பக்கத்தில் நிற்பார். எந்தக் கேள்விக்கும் சலிக்காமல் பதில் சொல்வார். விவரம் கேட்கும் வயதிலுள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் வேறில்லை.

நார்த்லேண்ட்ஸின் கதை வேறு வகை. புரூஸ் வில்லியம்ஸ் ஸக்கன்யினோ கணினி விளையாட்டு மென்பொருள் வெளியிட்டவர், இசைக்கலைஞரும்கூட. 1970களில் தன் வீட்டு நிலவறையில் ரயில் அமைப்பைத் தொடங்கினார். நிலவறை போதாமல் அதை நீட்டினார், நீட்டியதும் போதவில்லை. அவ்வப்போது வீட்டைத் திறந்து காட்டியபோது பார்க்க வந்தவர்கள் பெருகினார்கள். கடைசியில் ஃபிளெமிங்டனில் 202-ஆம் நெடுஞ்சாலை ஓரத்தில் இதற்கென்றே ஒரு கட்டடம் எழுப்பி, 1996-இல் பொதுமக்களுக்குத் திறந்தார். 52,000 சதுர அடிக் கட்டடம். சுமார் 13 கி.மீ. தண்டவாளம், நூறு ரயில்கள், 3,000-க்கு மேல் சிறு கட்டடங்கள், நூற்றுக்கணக்கான பாலங்கள். தனிமனிதர் ஒருவரின் கற்பனையில் பிறந்த மாதிரி ரயில் அமைப்புகளில் உலகின் மிகப் பெரியவற்றுள் இது ஒன்று.

உள்ளே போனால் முதலில் தாக்குவது உயரம். மற்ற இடங்களில் மேசையைக் குனிந்து பார்க்கவேண்டும். இங்கே பார்வையாளர் அண்ணாந்து பார்க்கிறார். தளம் தளமாக ஏறி இறங்கும் ஒரே நடைபாதை மலைகளுக்கு நடுவே வளைந்து போகிறது. தலைக்கு மேலே மரக்குச்சிகளால் கட்டிய பாலம் பள்ளத்தாக்கைத் தாண்டுகிறது. அதில் நீளச் சரக்கு ரயில் ஒன்று நகர்கிறது. அதே பாறைச்சரிவின் அடியில் இன்னொரு ரயில் சுரங்கத்துக்குள் மறைகிறது. இவை எந்த உண்மையான ஊரின் நகலும் அல்ல. சுரங்கத் தொழில் ஊர், பள்ளத்தாக்கின் விளிம்பில் தொங்கும் வீடு என்று எல்லாம் ஒருவர் மனத்திலிருந்து வந்தவை. வரலாற்றுத் துல்லியம் தேடுபவருக்கு இது குறையாகப் படலாம். ஆனால் இப்படி ஒரு தனி மனம் தன் உலகத்தை முழுக்கக் கட்டி முடித்துத் திறந்துவைத்த இடங்கள் அமெரிக்காவிலேயே அரிது. கூடவே பொம்மை அருங்காட்சியகமும், தொண்ணூறுக்கு மேற்பட்ட அறைகள் கொண்ட பொம்மை வீடும், குழல் ஆர்கன் உள்ள அரங்கமும் உண்டு.

இவ்வளவையும் ஓட்டுவதில்தான் உண்மையான செலவு. மாதிரி ரயில் தண்டவாளத்திலிருந்தே மின்சாரத்தை எடுக்கிறது. உலோகத்தின் மேல் ஒரு மெல்லிய கருப்புப் படலம் படிந்தால் போதும், எஞ்சின் திணறி நின்றுவிடும். அதனால் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கவேண்டும், சக்கரங்களைச் சுரண்டவேண்டும், மலைகள்மேல் படியும் தூசியை மென்தூரிகையால் எடுக்கவேண்டும். வீட்டில் வாரம் ஒரு மணி நேரம் ஓடும்படி செய்த மோட்டார், காட்சிக்கூடத்தில் நாள் முழுதும் ஓடித் தேய்கிறது. ஒலியும் கணினிக் கட்டுப்பாடும் உள்ள ஹெச்ஓ எஞ்சின் ஒன்றின் விலை பல சமயம் 200 டாலரைத் தாண்டும். கட்டடத்தின் வெப்பமும் ஈரமும் மாறினால் மரச்சட்டம் வளைந்து தண்டவாளம் விலகும். 2019-இன் தொடக்கத்தில் நார்த்லேண்ட்ஸ் மூடப்படும் என்ற செய்தி வந்தபோது, அதன் ரயில்களில் பல முன்பே ஓய்ந்திருந்தன. அதே ஆண்டு தாரிக் சொஹைல் என்ற தொழில்முனைவோர் அதை ஏற்றுக்கொண்டார். ரயில்களைப் பழுதுபார்த்து ஓடவைக்கும் வேலையும் புதிய பகுதிகளைச் சேர்க்கும் வேலையும் அவர் பொறுப்பில் நடந்தன. இங்கே வாங்கும் டிக்கெட்டின் பணம் இந்தத் துடைப்புக்கும் பழுதுபார்ப்புக்குமே பெரும்பாலும் போகவேண்டியிருக்கிறது; பின்னால் நின்று கொடுக்க எந்த ரயில் நிறுவனமும் இல்லை.

கட்டணக் காட்சி நன்றாக நடக்க முடியும் என்பதற்கு ஹாம்பர்க் சான்று. பிரெடெரிக், கெரிட் பிரவுன் என்ற இரட்டையர் 2001-இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லேண்ட் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் பார்வையாளர்களை ஈர்க்கிறது. புணேயின் கோத்ரூட் பகுதியில் பாவ்சாகேப் ஜோஷியின் சேகரிப்பிலிருந்து 1998-இல் உருவான சிறு ரயில் அருங்காட்சியகம், ஒரு குடும்பத்தின் பொழுதுபோக்கு ஊருக்குப் பொதுவானதற்கு இந்திய எடுத்துக்காட்டு. விடுமுறையில் சென்னை போகும் பிள்ளைகள் ஐசிஎஃப் வளாகத்து ரயில் அருங்காட்சியகத்தில் உண்மையான பழைய பெட்டிகளையே தொட்டுப் பார்க்கலாம். நியூ யார்க்கில், பிராங்க்ஸ் தாவரவியல் பூங்காவின் விடுமுறைக்கால ரயில் காட்சி 1992 முதல் நடக்கிறது. நகரத்தின் புகழ்பெற்ற கட்டடங்களை மரப்பட்டை, விதை, இலை, குச்சி முதலியவற்றால் செய்து, நடுவே பெரிய அளவு ரயில்களை ஓடவிடுகிறார்கள். கட்டணம் உண்டு, கூட்டமும் மிகுதி. கைவேலையின் நுட்பத்துக்காகவே ஒருமுறை பார்க்கத் தக்கது.

ஆகவே ஐசலினிலிருந்து கிளம்பும் குடும்பத்துக்கு விடை பிள்ளையின் வயதைப் பொறுத்தே அமையும். நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு நார்த்லேண்ட்ஸின் நீண்ட நடை அதிகம். பாதியில் தூக்கச் சொல்லும். அந்த வயதுக்கு மெட்ரோபார்க் நடைமேடையே போதும். அசேலா அதிவேக ரயில் இரைச்சலோடு கடக்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சிக்குக் கட்டணம் கிடையாது. வார இறுதியில் கட்டணம் செலுத்தும் பெரியவர் ஒருவரோடு 11 வயது வரையிலான இரு பிள்ளைகளை நியூ ஜெர்சி டிரான்சிட் இலவசமாக ஏற்றிக்கொள்கிறது என்பதால் ஒரு ரயில் பயணமும் கைக்கு அடங்கும். ஐந்திலிருந்து பத்துப் பன்னிரண்டு வயது வரை நார்த்லேண்ட்ஸ் கொடுத்த காசுக்குக் குறைவில்லாதது. மழையோ குளிரோ உள்ள நாளில், இரண்டு மூன்று மணி நேரத்தை ஒதுக்கி, அவசரமில்லாமல் போகவேண்டும். ஒரு சுற்றில் எல்லாவற்றையும் காட்டிவிட முயலாமல், ஒரு ரயிலைத் தேர்ந்து அது எங்கே நுழைந்து எங்கே வெளிவருகிறது என்று பிள்ளையோடு சேர்ந்து தேடினால் அந்த நேரம் போனதே தெரியாது. பெரியவர்களில், கட்டுமானத்தில் மனம் உள்ளவர்களுக்கு அது நிச்சயம் பிடிக்கும். ரயிலிலோ கைவேலையிலோ நாட்டமில்லாதவர்களுக்கு அரை மணி நேரத்துக்குப் பிறகு ஒரு மலை இன்னொரு மலையைப் போலவே தோன்றும், அவர்கள் பணத்தைச் சேமிப்பதே சரி. கிளம்பும் முன் அன்று திறந்திருக்கிறதா, வெளியே ஓடும் சிறு ரயில் அந்தப் பருவத்தில் உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்று ஃபோனில் கேட்டுக்கொள்வது நல்லது. வளர்ந்த பிள்ளை வீட்டுக்கு வந்து தானும் ஒன்று கட்டவேண்டும் என்று கேட்டால், அடுத்துப் போகவேண்டிய இடம் யூனியன். அங்கே சாலிடரிங் செய்யவும் தண்டவாளம் பதிக்கவும் சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.